இரங்கலுக்கு முந்தைய விண்ணப்பம்

அன்று காலை என் கணவர் ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் இன்னொரு காலில் கருநீல சாக்ஸும் போட்டுக்கொண்டு நின்றார். இரண்டும் ஒரே ஜோடிதான் என்று சாதித்தார். ஜன்னல் பக்கம் வந்து வெளிச்சத்தில் பாருங்கள் என்றேன். வந்தார், குனிந்து பார்த்தார், அப்போதும் ஒன்றுதான் என்றார்.

"லிஃப்ட் குழிக்குள்ள ஏணியில நிக்கும்போது என் கால் பல்லி ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனுக்கு சம்பளத் தேதியைத் தவிர வேற எதுவும் கண்ணுல படாது."

பல்லி அவரோடு ஜோடியாக வேலை பார்த்த மெக்கானிக். சுவரோடு ஒட்டிக்கொண்டு எந்த இடுக்கிலும் நிற்பான் என்பதால் அந்தப் பெயர்.

"சாக்ஸ் எப்படியோ போகட்டும். என் விண்ணப்பம் என்ன ஆச்சுன்னு இன்னிக்காவது ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன்.

"நான் கேக்க மாட்டேன்."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"நான் கேட்டா அதுக்குப் பேரு சிபாரிசு. உனக்கு எதுக்கு என் சிபாரிசு? ஒரு வாரம் போகட்டும். நீயே போன் போடு. இந்த மாதிரி விண்ணப்பம் கொடுத்திருந்தேன், அதோட நிலைமை என்னன்னு தெரிஞ்சுக்கலாமான்னு மரியாதையா கேளு. பதில் சொல்லுவாங்க. நல்ல மனுஷங்க."

"உங்களுக்கு எல்லாருமே நல்ல மனுஷங்கதான். லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டு உங்க பரம்பரையையே திட்டினானே ஒருத்தன், அவனையும் நல்லவன்னுதான் சொன்னீங்க."

"மாட்டிக்கிட்டவன் திட்டத்தான் செய்வான். வெளிய வந்ததும் சட்டையை நீவி விட்டுட்டு தேங்க்ஸ் சொன்னான் இல்ல? அப்புறம் என்ன?"

அந்த 'அப்புறம் என்ன'வோடு ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிற்பகலில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலையை முடித்து, லிஃப்டை மேலும் கீழும் ஓட்டிக் காட்டி, காவலாளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரவேற்பறை சோபாவில் சாய்ந்திருக்கிறார். பல்லி கருவிகளை வண்டியில் ஏற்றப் போயிருந்தான். களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்த காவலாளி, மேசை விசிறியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாராம். அவருடைய கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றில் என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது அந்த விசிறி ஒன்றுதான்.

அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடம் ஒரு டாக்சி கம்பெனியில் போன் எடுத்தவள். எந்தத் தெருவில் எந்த வண்டி நிற்கிறது, எந்த டிரைவர் பொய் சொல்கிறான், எந்தக் கிழவி வாசலில் வந்து நிற்பதற்குக் கால் மணி நேரம் ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிறகு எல்லாரும் கைபேசியிலேயே வண்டி கூப்பிட ஆரம்பித்தார்கள். போன் எடுக்க ஆள் தேவைப்படவில்லை. வீட்டில் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் அவருடைய லிஃப்ட் கம்பெனியில் புகார் பிரிவுக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்தார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அலறிக்கொண்டே போன் செய்வார்கள். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று கேட்டு, மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை அலறுகிறவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். இந்த உலகத்தில் எனக்கென்றே ஒரு வேலை இருந்தால் அது இதுதான் என்று தோன்றியது. அவருக்குக்கூடச் சொல்லாமல் விண்ணப்பத்தை நிரப்பி, நானே நேரில் போய் வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம்தான் அவரிடம் சொன்னேன். "அடிப்பாவி, என்னைக்கூடக் கேக்கலியே" என்று சிரித்தார்.

அதாவது, அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தபோது எனக்குப் புருஷன் இருந்தார். எவர் பரிதாபமும் அதில் ஒட்டியிருக்கவில்லை. போன் எடுக்கத் தெரிந்த ஒருத்தி, போன் எடுக்கும் வேலை கேட்டிருந்தாள்.

இறுதிச் சடங்குக்குக் கம்பெனி மொத்தமும் திரண்டு வந்தது. அவர்கள் கொண்டு வந்த மலர் வளையம் எங்கள் வாசலை விட அகலம். ஒருக்களித்துச் சாய்த்துத்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. மேனேஜர் முன்னால் வந்தார். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியும். அவர் அந்தப் பதவிக்கு வந்தது அதனால்தான் என்று அன்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளும்படி அவர் எதுவும் செய்யவில்லை. "நாங்க இருக்கோம்மா" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் "நாங்க இருக்கோம்" என்றார்கள். இருந்தார்கள். ரொம்ப நேரம் இருந்தார்கள். எங்கள் வீட்டு நாற்காலிகள் எல்லாவற்றிலும் அவர்கள்தான் இருந்தார்கள்.

சில வாரங்கள் போயின. வாடகை கேட்டு வீட்டுக்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் படியில் பார்க்கும்போது தொண்டையைச் செருமத் தொடங்கியிருந்தார். ஒருநாள் காலையில் தலை வாரிக்கொண்டு, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கம்பெனிக்குப் போன் செய்தேன். போனில் பேசுகிறவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பது குரலில் தெரியும்.

"வணக்கம். புகார் பிரிவு வேலைக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தேன். அதோட நிலைமை என்னன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"பேர் சொல்லுங்க மேடம்."

சொன்னேன். வரவேற்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அக்கா! நீங்களா? அய்யோ அக்கா… சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா. அந்த விண்ணப்பம்…"

"தூங்குறீங்களா அக்கா?"

"தூங்குறேன். நான் என்ன கேட்டேன்னா…"

"அண்ணன் மாடிப்படி ஏறும்போதே விசிலடிச்சுக்கிட்டுத்தான் வருவாங்க. இப்ப அந்தப் படியைப் பார்த்தாலே எனக்கு…" அழ ஆரம்பித்துவிட்டாள்.

என் கணவருக்கு விசிலடிக்க வராது. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, காற்றுதான் வரும். யாரோ விசிலடித்திருக்கிறார்கள், அதை இவள் அவர் கணக்கில் எழுதிவிட்டாள். நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேனேஜருக்கு இணைப்புக் கொடுத்தாள்.

"அம்மா, எதைப் பத்தியும் யோசிக்காதீங்க" என்றார் மேனேஜர், அந்தத் தாழ்ந்த குரலில்.

"வேலை விஷயமாத்தான் சார் யோசிக்கிறேன்."

"வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

அவர்கள் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போனை வைத்துவிட்டுப் புடவையை மாற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அவருக்கு ஒரே தங்கை. அண்ணனுக்காக உண்மையாகவே உருகியவள். அந்த உருக்கத்தை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் என் மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இப்பவே வேலைக்குப் போறேன்னு கிளம்பினா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேர்ல ஒருத்தராவது வீட்டுக்காரர்கிட்டப் பேசுவாங்களா?"

"நீங்க எதுக்கு எடுத்தாலும் குதர்க்கம் பேசாதீங்க. கொஞ்சம் பொறுத்துப் போங்க. அவங்க முன்னாடி கொஞ்சம் அழுங்க, அவங்களா கூப்பிட்டுக் கொடுப்பாங்க. அழுத பிள்ளைக்குத்தானே பாலு?"

"நான் பாலு கேக்கறதுக்குள்ளயே அவங்க அழுதுடறாங்க."

"சரி, நேர்ல போங்க. ஆனா வேலை வேலைன்னு நிக்காம, கொஞ்சம் முகத்தைச் சோகமா வச்சுக்கங்க."

"எதுக்கு? அங்க அது ஏற்கெனவே நிறைய ஸ்டாக் இருக்கு."

நாத்தனார் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே அழுதாள்.

நேரில் போனேன். அந்த லிஃப்ட் கம்பெனி இருந்தது ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. இதைப் பற்றி மெக்கானிக்குகள் செய்யாத கேலி இல்லை. படியேறும்போது கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"நீங்களும் இன்டர்வியூக்கா?" என்று கேட்டாள். "பயப்படாதீங்க. ரெண்டே கேள்விதான். ஏன் இந்த வேலைக்கு வர்றீங்க, அதிர்ச்சியான போன் வந்தா என்ன பண்ணுவீங்க. அவ்வளவுதான்."

இன்டர்வியூ நடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மேலே போனேன். வரவேற்பறைச் சுவரோரமாக பிளாஸ்டிக் நாற்காலிகள். இரண்டு பேர் காத்திருந்தார்கள். மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்துப் பெண் தன் சான்றிதழ்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். எனக்கும் உள்ளங்கை வேர்த்தது. அவர் போன பிறகு அந்த மாதிரி ஒரு சாதாரணப் பயம் எனக்கு அன்றுதான் வந்தது. அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

வரவேற்புப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பதறி எழுந்து ஓடி வந்தாள்.

"அக்கா! நீங்க ஏன் இங்க வந்து உக்காந்திருக்கீங்க? இது வேலைக்கு வந்தவங்க உக்கார்ற இடம்!"

"நானும் வேலைக்குத்தானே…"

"எழுந்திருங்க முதல்ல. யாராவது பார்த்தா எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

தோளை அணைத்து என்னைக் கிளப்பினாள். காத்திருந்த இருவரும் எழுந்து நின்றார்கள், எதற்கென்று தெரியாமலே. மேனேஜர் அறைக்குள், மெத்தை வைத்த நாற்காலியில் என்னை இறக்கினாள். பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்தார்கள். டீ வந்தது. பிறகு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக வந்து அவரைப் பற்றி ஒன்றொன்று சொன்னார்கள். தன் சாப்பாட்டை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பார் என்றார் கணக்குப் பிரிவுக்காரர். பசி வந்தால் கடிகாரத்தையே திட்டுகிற மனிதர் என் கணவர். ஒருநாளும் கோபப்பட்டதில்லை என்றாள் இன்னொருத்தி. சாமான் கிடங்குக்காரர் அவர் ஒரு தெய்வம் என்றார். தேய்ந்த கம்பியை மாற்றித் தரச் சொல்லி இதே கிடங்குக்காரரோடு அவர் எத்தனை நாள் மல்லுக்கு நின்றார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, என் கணவர் எனக்கு முன்பின் தெரியாத ஒரு நல்லவராக ஆகிக்கொண்டே போனார். செத்தவருக்கு நன்றாக இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சாக்ஸ் மனிதர்.

வெளியே புகார் பிரிவு மேசையில் போன் அடித்தது. பழைய ஆள் போய்விட்டதால் வரவேற்புப் பெண்தான் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இங்கே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன் நின்றது. மறுபடி அடித்தது. நான் எழுந்து போய் எடுத்தேன்.

ஒரு ஆள், கூடவே அவர் குழந்தை. நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே. கட்டடம் எது என்று கேட்டு எழுதினேன். வண்டியில் இருந்த பல்லிக்குத் தகவல் போட்டேன். பிறகு அந்த ஆளிடம், குழந்தைக்கு வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், எதற்குச் சிரிக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் திட்டினார். பிறகு சொன்னார். கொஞ்ச நேரத்தில் குழந்தையே போனில் வந்து கழுதை மாதிரிக் கத்திக் காட்டியது. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் மேனேஜரும் மற்றவர்களும் அறை வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மேனேஜரின் முகம் வெளிறியிருந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா" என்றார். "இந்த நிலைமையில உங்களைப் போய் போன் எடுக்க வச்சுட்டோமே."

வரவேற்புப் பெண்ணுக்கு அங்கேயே வசவு விழுந்தது. எனக்கு இன்னொரு டீ வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிக்காரிகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

நேரில் சொன்னால் அழுகிறார்கள், எழுத்தில் கொடுத்தால் படித்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். மரியாதை கொஞ்சமும் குறையாமல் ஒரு கடிதம் எழுதினேன். என் கணவர் உயிரோடு இருந்தபோதே இந்த விண்ணப்பத்தைக் கொடுத்தேன், அவருடைய மறைவைக் கணக்கில் எடுக்காமல் மற்ற விண்ணப்பதாரர்களைப் போலவே என்னையும் பரிசீலிக்க வேண்டும், தகுதி இல்லை என்றால் தயங்காமல் தெரிவிக்கலாம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த வாரம் பல்லி வீட்டுக்கு வந்தான். தயங்கித் தயங்கி உட்கார்ந்தான்.

"அண்ணி, உங்க லெட்டரை நோட்டீஸ் போர்டுல போட்டிருக்காங்க."

"எதுக்கு?"

"சார் எல்லாரையும் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினாரு. பாதியில கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. இந்தத் தன்மானத்தைப் பாருங்க, இவங்ககிட்டயிருந்து நாம கத்துக்கணும்னாரு. அப்புறம் லேமினேட் பண்ணிட்டாங்க."

"லேமினேட்டா?"

"ஆமா அண்ணி. தூசி படாம இருக்க."

"பதில் எதாவது போடற மாதிரி பேசிக்கிட்டாங்களா?"

"பதிலா?" பல்லி யோசித்தான். "அது பதில் போடற லெட்டர்னு யாரும் நினைச்ச மாதிரி தெரியலையே."

இதற்குப் பிறகும் நான் நம்பினேன் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. சில நாள் கழித்து, படியில் சந்தித்த அந்தக் கோப்புக்காரியைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"எனக்கு இல்லைன்னு எழுதிட்டாங்க. தங்களைத் தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம், அப்படின்னு. என்கூட உக்காந்திருந்த ரெண்டு பேருக்கும் அதே லெட்டர்தான். உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வரலையே."

"வரலையா? அப்ப உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கு! வேண்டாம்கிறவங்களுக்கு எல்லாம் சொல்லி முடிச்சுட்டாங்க இல்ல?" அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். தான் தோற்ற வேலைக்கு என்னை வாழ்த்தினாள். இந்தக் கதையில் வருகிறவர்களில் உண்மையான மரியாதை தெரிந்தவள் அவள்தான்.

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. மறுநாளே வரவேற்புப் பெண் போன் செய்தாள். "அக்கா, வியாழக்கிழமை காலையில வர முடியுமா? சார் உங்களைப் பாக்கணும்னு சொன்னாரு. கண்டிப்பா வரணுமாம்."

"சான்றிதழ் எல்லாம் கொண்டு வரட்டுமா?"

"உங்க இஷ்டம் அக்கா" என்றாள்.

புதன்கிழமை புடவைக்கு நானே இஸ்திரி போட்டேன். டாக்சி கம்பெனி கொடுத்த அனுபவச் சான்றிதழைத் தேடி எடுத்தேன். ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள், அதிர்ச்சியான போன் வந்தால் என்ன செய்வீர்கள். இரண்டு கேள்விக்கும் பதிலைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. அது உடையாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

வியாழக்கிழமை படியேறிப் போனால், வரவேற்பறையில் எல்லாரும் எனக்காகக் காத்து நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார்கள். சுவரில் ஏதோ ஒன்றைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். என்னை முன்வரிசையில், மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேனேஜர் பேசினார். பிறகு ஒரு கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார்.

இழுத்தேன். என் கணவருடைய படம்.

ஏதோ சுற்றுலாவில் எடுத்த கூட்டுப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பல்லியை அகற்றியவர்கள் அவன் கையை அகற்றவில்லை. அவர் தோளில் நான்கு விரல்கள் தனியாக இருந்தன. பின்வரிசையில் நின்ற பல்லி தன் கையைப் பார்த்துக்கொண்டான். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டலாமா கூடாதா என்ற சந்தேகத்தில் பாதியில் நிறுத்தினார்கள்.

ஒரு இளம்பெண் வந்து என்னிடம் பூங்கொத்தைக் கொடுத்தாள். புதிதாக இருந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

நான் சான்றிதழ் உறையோடும் பூங்கொத்தோடும் எழுந்து மேனேஜரிடம் போனேன்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும்."

"என்ன வேணும்னாலும் கேளுங்கம்மா."

"புகார் பிரிவுக்கு ஆள் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சும்மா. பூ கொடுத்துச்சே, அந்தப் பொண்ணுதான். திங்கக்கிழமை சேர்ந்துச்சு."

"நானும் விண்ணப்பம் கொடுத்திருந்தேன்."

"தெரியாதாம்மா?" அவர் கண் கலங்கியது. "அதை மத்த விண்ணப்பங்களோட கலக்கவே விடல. நானே தனியா எடுத்து வைக்கச் சொன்னேன்."

"எங்க வச்சிருக்கீங்க?"

"அவரோட ஃபைல்ல. பத்திரமா இருக்கு."

"இறந்துபோனவரோட ஃபைல்லயா?"

"வேற எங்கம்மா வைக்கறது?" அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "உங்களைப் போய் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வச்சு, உங்களுக்கு என்ன தெரியும்னு கேள்வி கேக்கறதா? நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா?"

"கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன் சார்."

"அதான்மா. நீங்க சொல்லுவீங்க. எங்களாலதான் கேக்க முடியாது."

கணக்குப் பிரிவுக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் "சார் மனசே மனசு" என்றார், எனக்கும் கேட்கும்படி.

அந்த இளம்பெண் மேனேஜருக்குச் சொந்தமாக இருப்பாள், இல்லையென்றால் சிபாரிசில் வந்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிறகு பல்லியிடம் விசாரித்தபோது அதுவும் இல்லை. முறையாக விண்ணப்பித்து, வேறொரு நாள் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் முறையாக உட்கார்ந்து, இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லி வந்தவள். அவர்களை நியாயமாக வெறுக்க அந்த வசதியைக்கூட எனக்குச் செய்து தரவில்லை. லஞ்சம் வாங்குகிறவனோடு சண்டை போடலாம். கைக்குட்டையோடு நிற்கிறவனை என்ன செய்வது?

"சரி சார். அப்ப எனக்கு ஒரு கடிதம் கொடுங்க" என்றேன்.

"என்ன கடிதம்மா?"

"வேலை இல்லைன்னு. மத்தவங்களுக்கு எல்லாம் கொடுத்தீங்களே, தேர்வு செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம்னு. அது."

மேனேஜர் ஒரு அடி பின்வாங்கினார்.

"உங்களை நிராகரிக்கச் சொல்றீங்களா? நானா? அவர் படத்துக்கு முன்னால நின்னுக்கிட்டா?"

"அடுத்த அறையில போய்க்கூடக் கையெழுத்துப் போடலாம் சார்."

"அம்மா, என் கை வராது. என்னை மன்னிச்சிடுங்க. என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க, செய்றேன். இதை மட்டும் கேக்காதீங்க."

பாவம், அவரிடம் நான் ஏதோ ஒரு கொலை செய்யச் சொன்ன மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வரவேற்புப் பெண் டீயோடு வந்தாள். நான் பூங்கொத்தை அந்தப் புதுப் பெண்ணின் மேசையில் வைத்தேன். "முதல் வாரம் இல்ல, நீ வச்சுக்கம்மா" என்றேன். அதற்குள் அவளுக்குப் போன் அடித்தது; எடுக்கத் திரும்பினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே எண்ணம், இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று. படத்தில் ஒட்டிக்கொண்டிருந்த விரல்களைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். மேனேஜரைப் போல நான் குரலைத் தாழ்த்திப் பேசிக் காட்டினால் இன்னும் சிரித்திருப்பார். சிரித்து முடித்து, "ஆனாலும் நல்ல மனுஷங்கதான்" என்றிருப்பார். நான் கரண்டியை எறிந்திருப்பேன். கதவைத் திறந்து உள்ளே போனேன். அந்த வீட்டில் என்னிடம் வாதாட யாரும் இல்லை. அன்றுதான், கதவைச் சாத்திவிட்டு, எவர் துணையும் இல்லாமல் நான் அவருக்காக அழுதேன்.

அடுத்த வாரம், ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுது பார்க்கிற ஒரு கம்பெனிக்குப் போனேன். அங்கே இருந்த ஆள் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன தெரியும்?"

"போன் எடுப்பேன்."

"எல்லாரும்தான் எடுப்பாங்க. ஃப்ரிட்ஜ்ல எல்லாம் கெட்டுப்போச்சுன்னு வாய்க்கு வந்தபடி கத்துவாங்க. தாங்குவீங்களா?"

"தாங்குவேன்."

"வீட்டுல யாரு?"

"நான் மட்டும்தான்."

"புருஷன்?"

"இறந்துட்டாரு."

"சரி. ஞாயித்துக்கிழமை லீவு கேக்கக்கூடாது. நாளைக்கே வர முடியும்னா வாங்க, இல்லைன்னா வேற ஆள் பாக்கணும்."

ஒரு 'அடடா' கூட இல்லை. அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மறுநாள் போனேன். வாய்க்கு வந்தபடி கத்துகிறார்கள். தாங்குகிறேன். வீட்டுக்காரர் இப்போது படியில் செருமுவதில்லை.

லிஃப்ட் கம்பெனிக்காரர்களைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடுகிறார்கள். சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா என்று கேட்கிறார்கள். எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னால், "கடவுளே, நீங்க வேலைக்குப் போற மாதிரி ஆயிடுச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் பல்லி வந்திருந்தான். தன்னுடைய பழைய லீவு விண்ணப்பம் ஒன்றைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது அவருடைய ஃபைல் கையில் வந்ததாம். பிரித்துப் பார்த்திருக்கிறான். அவருடைய கடைசிச் சம்பளச் சீட்டுக்கு மேலே என் விண்ணப்பம் இருக்கிறதாம், நான் குத்திக் கொடுத்த கிளிப்போடு. கிளிப் துருப்பிடித்துத் தாளில் கறை இறங்கியிருக்கிறது என்றான். கடைசிப் பக்கத்தின் அடியில் 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டு ஒரு கட்டம் உண்டு; அதில் 'முடிவு' என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளி புள்ளியாக இடம் விட்டிருப்பார்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

ஒன்றும் எழுதவில்லை என்றான்.